முதல் சவரம்: ரேசர் பிடிக்கப் பழகுவோம்

லயத்தில் ஒரு பையனுக்கு மீசை அரும்பினால் அதை முதலில் கண்டுபிடிக்கிறது பாட்டிதான். அன்றைக்கே அது பெரட்டுக்களம் வரைக்கும் பேச்சாகிவிடும். ஆனால் அந்தப் பையன் முதன்முதலாக முகத்தில் பிளேடு வைக்கிற நேரத்தில் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை. அப்பா கொழும்பில் கடை வேலையில் இருப்பார். வீட்டில் இருந்தாலும் அவரிடம் கேட்க இவனுக்கு வெட்கம், சொல்லிக் கொடுக்க அவருக்குக் கூச்சம். ஜன்னல் கட்டையில் கிடக்கிற அப்பாவின் ரேசரைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு பீலிக்குப் போய், பச்சைத் தண்ணியைத் தெளித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பான். நாடியில் இரண்டு வெட்டு, கழுத்தெல்லாம் சிவப்பு. "அட்டை கடிச்சிருச்சும்மா" என்று வீட்டில் ஒரு பொய்.

வெட்டு இரண்டு நாளில் ஆறிவிடும். எங்களுக்குக் கவலை அந்த ரேசரைப் பற்றித்தான். நாங்கள் லயம் லயமாகப் போகும்போது, ஒரே பிளேடில் அப்பா, மாமா, மூத்தவன், இளையவன் என்று நாலு பேர் சவரம் எடுக்கிற காம்பராக்களைப் பார்க்கிறோம். அதே பிளேடில்தான் சின்னது பென்சில் சீவும், பாட்டி நகம் வெட்டும். ஆகவே இந்த முறை பாடத்துக்கு இதையே எடுத்துக்கொண்டோம். இரண்டு பக்கமும் கூருள்ள பிளேடு போடுகிற பழைய மாதிரி ரேசரில் ஒழுங்காகச் சவரம் எடுப்பது எப்படி, ஒருவர் பாவித்த பிளேடு அவரோடு நிற்க வேண்டியது ஏன் என்று பார்ப்போம். பையன்கள் வாசிக்கட்டும். அம்மாமாரும் வாசிக்க வேண்டும். அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறோம்.

இந்த ரேசர் வந்த கதை

பழைய காலத்தில் தோட்டத்துக்கு என்று முடிவெட்டுகிறவர் ஒருவர் இருந்ததும், ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்து வாசலில் குந்தியிருந்து முகத்தைக் காட்டியதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அவர் கையில் இருந்தது மடக்குக் கத்தி. தோல்வாரில் தீட்டித் தீட்டிப் பாவிக்கிறது. அதைப் பிடிக்க வருடக்கணக்காகப் பழக வேண்டும். அந்தக் கத்தியை ஒருவன் தானே தன் கழுத்தில் வைப்பது லேசான காரியமில்லை.

அமெரிக்காவில் ஊர் ஊராகச் சாமான் விற்கப் போய்வந்த கிங் கேம்ப் ஜில்லெட் என்பவருக்கு ஒரு யோசனை வந்தது. தீட்டத் தேவையில்லாத, மழுங்கினால் எறிந்துவிடக்கூடிய மெல்லிய பிளேடு ஒன்று செய்தால் என்ன? யோசனை சுலபம், செய்வது கஷ்டமாக இருந்தது. அவ்வளவு மெல்லிய உருக்குத் தகட்டைச் சூடேற்றினால் அது வளைந்து நெளிந்துபோகும். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியியல் தெரிந்தவர் அதற்கு வழி கண்டுபிடித்தார். 1903ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தபோது அந்த வருடம் முழுவதும் விற்றது 51 ரேசரும் 168 பிளேடும்தான். அடுத்த வருடம் தொண்ணூறாயிரம் ரேசருக்கு மேல் விற்றது. முதலாம் உலக யுத்தத்தில், 1918இல், அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார்கள். ஊருக்குத் திரும்பியவர்கள் அந்தப் பழக்கத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கவனியுங்கள், ஆளுக்கொன்று. பட்டாளத்தில்கூட ஒரு ரேசரைப் பத்துப் பேருக்குக் கொடுக்கவில்லை.

நூறு வருடத்துக்கு மேலாகியும் அமைப்பு மாறவில்லை. கைப்பிடி ஒன்று, அதன்மேல் கீழ்த்தட்டு, அதன்மேல் பிளேடு, எல்லாவற்றுக்கும் மேலே வளைந்த மூடி. கைப்பிடியைத் திருகி இறுக்கினால் மூடி பிளேடை அமத்திக் கொஞ்சம் வளைத்துப் பிடிக்கும். பிளேடின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கீழ்த்தட்டின் ஓரத்தில் இருக்கிற தடுப்புக்கு வெளியே கூர் மயிரிழை அளவுதான் தெரியும். அந்தத் தடுப்பு இருப்பதால்தான் இதைப் பாதுகாப்பு ரேசர் என்கிறார்கள். பெயரை நம்பி அமத்தி இழுத்தால் அதுவும் வெட்டும்.

முழுதும் பிளாஸ்டிக்கில் வருகிற, பாவித்துவிட்டு எறிகிற ரேசர் இருக்கும்போது இது எதற்கு என்று இளசுகள் கேட்கிறார்கள். அதில் தவறில்லை, அவசரத்துக்கு நல்லது. ஆனால் அதன் இரண்டு பிளேடுகளுக்கு இடையில் மயிர் அடைத்துக்கொள்ளும், கழுவினாலும் லேசில் போகாது. இந்த ரேசரைக் கழற்றிக் கழுவலாம். கைப்பிடி பல வருடம் உழைக்கும். வாங்க வேண்டியது பிளேடு மட்டும்தான், அது மலிவு. சம்பளம் எண்ணி வருகிற வீட்டுக்கு இதுவே பொருத்தம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

பிளேடு போடாமல் முதல் பாடம்

தம்பிமாரே, முதல் இரண்டு நாளும் ரேசரில் பிளேடு போட வேண்டாம். சிரிக்காதீங்க. வெறும் ரேசரை வைத்து, முகத்தில் நுரை போட்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று இழுத்துப் பாருங்கள். கைக்கு ரேசரின் பாரமும் வளைவும் பழக வேண்டும். மீசைக்குக் கீழேயும் தாடை எலும்பிலும் எப்படித் திருப்புவது என்று கை தானாகவே கண்டுபிடிக்கும். மூன்றாம் நாள் பிளேடு போடுங்கள்.

போடும்போது பிளேடை அதன் குறுகிய இரண்டு நுனியில் பிடிக்க வேண்டும். நீளமான பக்கம்தான் கூர். மூடியைக் கவிழ்த்து அதன்மேல் பிளேடை வைத்து, கீழ்த்தட்டைப் பொருத்தி, கைப்பிடியைத் திருகுங்கள். இரண்டு பக்கமும் கூர் ஒரே அளவாக வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் கூடினால் கழற்றித் திரும்பப் போடுங்கள்.

இனித் தண்ணி. பச்சைத் தண்ணியில் சவரம் எடுப்பதுதான் நம் மலைப்பக்கத்துப் பெரிய கெடுதி. விடியற்காலைக் குளிரில் தோல் விறைத்திருக்கும், மயிர் கம்பி மாதிரி நிற்கும். தேத்தண்ணிக்குக் கொதிக்கிற கேத்தலிலிருந்து ஒரு கோப்பை சுடுதண்ணி எடுத்து, கை பொறுக்கிற சூட்டுக்குக் கலந்து, துணியை நனைத்து இரண்டு மூன்று நிமிஷம் முகத்தில் வைத்திருங்கள். தண்ணி குடித்த மயிர் ஊறி மெதுவாகிவிடும். காய்ந்த மயிரை வெட்டுவதில் பாதி சிரமம்கூட அதில் இல்லை. வேலை முடிந்து குளித்த கையோடு எடுப்பது இன்னும் நல்லது. காலையில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டமில்லை.

பிறகு நுரை. சவர கிரீம், சவரச் சவுக்காரம் எது இருந்தாலும் சரி. ஒன்றும் இல்லாவிட்டால் மேலுக்குப் போடுகிற சவுக்காரத்தை நன்றாக நுரைத்துப் பூசலாம். உடுப்புத் தோய்க்கிற சவுக்காரம் வேண்டாம், அது தோலை எரிக்கும். நுரை கெட்டியாக, ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்துபோனால் திரும்பத் தண்ணி தொட்டுப் பூசுங்கள்.

மயிர் எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்று நுரை போடுவதற்கு முன்னாலேயே தடவிப் பார்த்து வைத்திருக்க வேண்டும். விரலை ஒரு பக்கம் இழுத்தால் வழுக்கும், எதிர்ப்பக்கம் இழுத்தால் உராயும். வழுக்குகிற பக்கம்தான் மயிர் படிகிற பக்கம். கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழே. கழுத்தில் அப்படி இல்லை, சிலருக்குக் கீழிருந்து மேலே, சிலருக்குப் பக்கவாட்டில். அவரவர் கழுத்தை அவரவர்தான் படிக்க வேண்டும்.

இப்போது கோணம். பாடத்தில் முக்கியமான இடம் இதுதான். ரேசரின் மூடியைக் கன்னத்தில் படிய வையுங்கள். கைப்பிடி முகத்திலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பிளேடு தோலில் படாது. அப்படியே கைப்பிடியை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டு வாருங்கள். ஓரிடத்தில் கூர் தோலைத் தொடுவது தெரியும். அந்த இடத்தில் பிளேடு தோலோடு ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் இருக்கும். அந்தச் சாய்வை மாற்றாமல், ஒரு அங்குல நீளத்துக்குச் சின்னச் சின்ன இழுப்பாக இழுங்கள்.

கவ்வாத்து வெட்டுகிற அண்ணன்மாருக்கு இதை ஒரு சொல்லில் விளக்கலாம். கத்தி மழுங்கியிருந்தால் வாது பிளந்துபோகும், பட்டை உரியும், அந்த இடத்தில் பிறகு அழுகல் பிடிக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். முகத்திலும் கதை அதேதான். ஆனால் கவ்வாத்தில் தோள்பலத்தைக் கொடுத்து வெட்ட வேண்டும், ரேசருக்குப் பலமே கொடுக்கக்கூடாது. ரேசரின் சொந்தப் பாரம் போதும். கைப்பிடியின் அடிப்பக்கத்தை மூன்று விரலால் பிடித்தால் அமத்தவே வராது. முஷ்டியில் பிடிக்கிறவன்தான் வெட்டிக்கொள்வான். அமத்தினால்தான் மயிர் போகிறது என்றால் பிளேடு செத்துவிட்டது என்று அர்த்தம், மாற்றுங்கள்.

முதலில் கன்னம், பிறகு கழுத்து. மீசையும் நாடியும் கடைசியில், அங்கே மயிர் தடிப்பு, கூட நேரம் ஊறட்டும். மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள். மேலுதட்டுக்கு, உதட்டைப் பல்லின்மேல் இறுக்கிக்கொண்டால் தோல் தானாக இழுபடும். மூன்று நாலு இழுப்புக்கு ஒருமுறை ரேசரைத் தண்ணியில் அலசி, மறுபக்கக் கூரைப் பாவியுங்கள். பரு இருந்தால் அதைச் சுற்றிப் போய்விடுங்கள்.

ஒரு சுற்று முடிந்ததும் தடவிப் பார்த்தால் அங்கங்கே கொரகொரவென்று இருக்கும். பரவாயில்லை, பழகுகிறவனுக்கு அது போதும். இன்னும் சுத்தம் வேண்டும் என்றால் மறுபடி நுரை போட்டு, மயிர் படிகிற பக்கத்துக்குக் குறுக்கே ஒரு சுற்று எடுக்கலாம். நுரை இல்லாத இடத்தில் பிளேடு வைக்கவே கூடாது. எதிர்ப்பக்கம் இழுத்து மழமழவென்று எடுக்கிற ஆசை, சுருட்டை மயிர்க்காரருக்கு முக்கியமாக ஆகாது. வெட்டுப்பட்ட மயிர் தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கழுத்தெல்லாம் பருப்பருவாகக் கிளம்பும். சினிமாக்காரர் கன்னம் நமக்கு வேண்டியதில்லை.

முடிந்ததும் பச்சைத் தண்ணியில் கழுவி, துவாயால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். இரத்தம் வந்த இடத்தில் சுத்தமான துணியை வைத்துக் கொஞ்ச நேரம் அமத்திப் பிடித்தால் நிற்கும். சொந்தமாக ஒரு படிகாரக் கல், நம் கடைகளில் சீனக்காரம் என்பார்கள், வைத்திருந்து ஈரத்தோடு தடவலாம். காப்பித்தூள், சுண்ணாம்பு, சிலந்தி வலை, சுருட்டுச் சாம்பல் ஒன்றும் வேண்டாம். இரத்தம் நிற்கும், ஆனால் காயத்துக்குள் அழுக்குப் போகும். சீழ் வைத்தால் டிஸ்பென்சரிக்கு வாங்க.

பிளேடு ஒருத்தருக்குத்தான்

இனி எங்கள் கவலைக்கு வருகிறோம். சவரம் எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் காயங்கள் எல்லோருக்கும் ஏற்படும். பிளேடில் துளி இரத்தம் ஒட்டும், கழுவினாலும் மூடிக்கு அடியில் கொஞ்சம் தங்கும். அடுத்தவர் அதை எடுத்து இழுக்கும்போது அந்தத் துளி அவருடைய காயத்துக்குள் போகிறது.

ஈரலைப் பிடிக்கிற செங்கமாரியில் பல வகை உண்டு. தண்ணியாலும் சாப்பாட்டாலும் வருகிற வகை ஒன்று, அதை நம் சனங்களுக்குத் தெரியும். இரத்தத்தால் வருகிற பி வகை வேறு. அந்தக் கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில்கூட, ஒரு கிழமைக்குக் குறையாமல் உயிரோடு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாமா பாவித்த பிளேடு அடுத்த சனிக்கிழமையும் ஆபத்து என்று கணக்குப் பாருங்கள். இந்த நோய் உள்ளவர் பல பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. கண் மஞ்சளாகாது, காய்ச்சல் வராது, வேலைக்குப் போய்வருவார்கள். சிலருக்கு அது உள்ளேயே இருந்து, பல வருடத்துக்குப் பிறகு ஈரல் சுருங்கும், புற்றும் வரலாம். சி வகையும் இரத்தத்தால்தான் பரவும். எயிட்ஸ் நோயைத் தருகிற எச்.ஐ.வி. கிருமி வெளியில் அவ்வளவு காலம் தாங்காது, என்றாலும் இரத்தம் பட்ட பிளேடை மாற்றி மாற்றிப் பாவிக்காதீர்கள் என்ற விதி அதற்கும்தான்.

பயமுறுத்த இதை எழுதவில்லை. நம் நாட்டில் பி வகைச் செங்கமாரி பெருவாரியாக இருக்கிற நோயில்லை. 2003ஆம் ஆண்டிலிருந்து குழந்தைகளுக்கான தடுப்பூசியில் இதுவும் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்னால் பிறந்தவர்களில், வேறு காரணத்துக்காகப் போட்டுக்கொண்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வீட்டில் சவரம் எடுக்கிற அப்பாமாரும் மாமாமாரும் பெரும்பாலும் அந்தக் கூட்டம்தான். நோய் உள்ள ஒருவரோடு சேர்ந்து சாப்பிடுவதாலோ கை கொடுப்பதாலோ இது வராது. அப்படி ஒருவரை ஒதுக்குவது வீண் பாவம். ரேசரை மட்டும் ஒதுக்குங்கள்.

துருப்பிடித்த பிளேடு வெட்டினால் ஏற்பு வரும் என்று சொல்லுவாங்க. துருவில் அந்தக் கிருமி பிறப்பதில்லை, அது மண்ணிலும் மாட்டுச் சாணியிலும் இருக்கிறது. கீழே விழுந்து மண் பட்ட பிளேடை எடுத்துப் பாவிப்பதுதான் கெடுதி. பாடசாலையில் 12 வயதளவில் போடுகிற ஏற்பு ஊசியைத் தவறவிட்ட பையன்கள் டிஸ்பென்சரியில் சொல்லுங்கள்.

காம்பராவில் நாலு ஆண்கள் இருந்தால் நாலு ரேசர் வாங்க முடியுமா என்று ஒரு அம்மா எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நாலு ரேசர் ஒரேயடியாக முடியாவிட்டால், கைப்பிடி ஒன்றாக இருக்கும்வரை ஆளுக்கொரு பிளேடு கட்டாயம். அவரவர் பிளேடை அவரவர் பெயர் எழுதிய கடதாசி உறையில் வைத்து, பாவிக்கும்போது போட்டு, முடிந்ததும் கழற்றி, மூடியையும் தட்டையும் சவுக்காரம் போட்டுத் தேய்த்து, சுடுதண்ணியில் அலசுங்கள். இது அரைகுறை வழிதான். சம்பளத்துக்குச் சம்பளம் ஒன்றாக நாலையும் சேர்த்துவிடுங்கள்.

ஒரு பிளேடு பொதுவாக மூன்று முதல் ஐந்து சவரம் வரை நன்றாக வெட்டும். இழுத்துப் பிடுங்குவது போலிருந்தால் எண்ணிக்கை பார்க்காமல் மாற்றுங்கள். பாவித்ததும் அலசி, உதறி, காற்றுப் படுகிற இடத்தில் வையுங்கள். கூரைத் துணியால் துடைக்க வேண்டாம், கூரும் போகும், விரலும் போகும். பீலிக்கரையில் ஈரத்தோடு விட்டுவிட்டு வந்தால் நம் பனியில் சீக்கிரம் பழுதாகும்.

சலூனிலும் இதே கவனம் வேண்டும். அங்கே ஒரு பிளேடைப் பாதியாக ஒடித்துக் கத்திப்பிடியில் போடுவார்கள். "அண்ணே, புது பிளேடு போடுங்க" என்று சொல்வதில் மரியாதைக்குறைவு ஒன்றுமில்லை. நல்ல சலூன்காரர் கேட்கும் முன்னாலேயே கண்ணுக்கு முன்னால் உறையைப் பிரிப்பார். எல்லோர் முகத்திலும் தடவுகிற படிகாரக் கல்லை வேண்டாம் என்று சொல்லுங்கள். கோயில் திருவிழாவில் வரிசையாக மொட்டை அடிக்கும்போதும் பிள்ளைக்கென்று ஒரு பிளேடைக் கையோடு கொண்டுபோங்கள்.

அம்மாமாரை வாசிக்கச் சொன்ன காரணம் இதுதான். சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு பையன்கள் கொழும்புக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே ஒரு அறையில் ஆறு பேர், எட்டுப் பேர். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு ரேசர் கிடக்கும், யாருடையது என்று யாருக்கும் தெரியாது. பையில் சட்டையும் போர்வையும் அடுக்குகிற அம்மா, ஒரு ரேசரும் ஒரு கட்டு பிளேடும் ஒரு துவாயும் சேர்த்து வைத்து, "இது உனக்கு மட்டும்தான், யாருக்கும் குடுக்காதப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும். அப்பா சொல்லாவிட்டாலும் அம்மா சொன்னால் பையன் கேட்பான்.

பழைய பிளேடு எங்கே போகிறது?

அமெரிக்காவில் பழைய வீடுகளில், குளியலறை அலுமாரிக்குப் பின்னால் ஒரு கீறல் வைத்து, பழைய பிளேடைச் சுவருக்குள்ளேயே போட்டுவிடுவார்களாம். இப்போது அந்தச் சுவர்களை உடைக்கிறவர்கள் பிளேடு குவியலைக் கண்டு திகைக்கிறார்கள். நம் லயத்தில் அப்படிச் சுவரும் இல்லை, அலுமாரியும் இல்லை. ஆகையால் பிளேடு கானுக்குப் போகிறது, கூரை இடுக்குக்குப் போகிறது, குப்பையோடு மரக்கறித் தோட்டத்துக்குப் போகிறது. கானைச் சுத்தம் பண்ணுகிறவர் வெறுங்கையை விடுகிறார். பிள்ளை வெறுங்காலோடு ஓடுகிறது.

டின்பால் டின் ஒன்று போதும். இரண்டு ஓட்டை போட்டுப் பாலை ஊற்றியெடுத்த டின்னைக் கழுவிக் காயவைத்து, மேல்தட்டில் பிளேடு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் வெட்டுங்கள். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பாவித்த பிளேடெல்லாம் அதற்குள்ளே. நிறைந்ததும் கீறலைச் சுத்தியலால் தட்டி மூடி, பிரதேச சபைக் குப்பை வண்டி வருகிற தோட்டமானால் "உள்ளே பிளேடு இருக்குது" என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். வண்டி வராத தோட்டத்தில், யாரும் கொத்தாத இடத்தில் ஆழக் குழி வெட்டிப் புதையுங்கள். கிழமைக்கு ஒரு பிளேடு என்றாலும் ஒருவருக்கு வருடத்துக்கு 52தான் ஆகிறது, டின் பல வருடம் போகும்.